பழங்கட்டடப் புதுப்பணியும் முகப்புப் பேணலும்: தகடூர் முதல் சென்னை வரை

நகர நடுவில் நிற்கும் பழங்கட்டடத்தை என் செய்வது என்பது இக்காலத்தார்க்கே உரிய வினா என்று கருதுவோர் உளர். அஃது அவ்வாறன்று. கி.பி. 893ஆம் ஆண்டிற்குரிய கல்வெட்டொன்று, நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், தகடூரில், அஃதாவது இன்றைய தருமபுரியில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இரு வணிக உடன்பிறந்தார் சமணப் பள்ளியொன்று எழுப்பிய செய்தியைக் கூறுகின்றது. நிதியண்ணன் மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனைக் கனகசேன சித்தாந்த படாரர் என்னும் சமண முனிவர்பால் ஒப்படைத்தான். அக்கொடையின் நோக்கங்களுள், பள்ளியில் பழுது பார்த்தலும் ஒன்றாகும்.

கட்டுவித்தோர், கட்டி முடித்த நிலையிலேயே அதன் சிதைவையும் எண்ணிப் பார்த்துள்ளனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கட்டடம் ஒருநாள் பழுதுறும். அப்பழுதை நீக்கப் பொருள் வேண்டும். அப்பொருளுக்கு நிலைத்த வருவாய் வேண்டும் என்னும் மூன்றையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்று பழங்கட்டடப் பேணல் பற்றிப் பேசுவோர் பலர் அழகையும் பழமையையும் மட்டுமே பேசுகின்றனர். வருவாயைப் பேசுவார் சிலரே. அவ்வகையில் தகடூர்க் கல்வெட்டு நமக்கு நல்லதோர் தொடக்கமாகின்றது.

பழங்கட்டடத்தைக் கையாண்ட முறைகள் தமிழ்நாட்டு வரலாற்றில் பல. அவற்றுள் இரண்டனை முதற்கண் காண்போம். ஒன்று, உறுப்பைப் பெயர்த்துப் பிறிதோரிடத்தில் வைத்தல். திருவையாற்றுக் கோயில் வளாகத்தில் நுளம்பர் பாணியில் அமைந்த அழகிய தூண்கள் உள. நுளம்பபாடியைச் சோழர் வென்றபின் அவை கொணரப்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து. அத்தூண்களின் வேலைப்பாடு இன்றும் காண்போரைக் கவர்கின்றது. ஆயினும் அவை எக்கூரையைத் தாங்கின, எவ்வாயிலை அணிசெய்தன என்பதை அவற்றை மட்டும் கொண்டு அறிய இயலாது. உறுப்பு எஞ்சியது, கட்டடம் அழிந்தது.

மற்றொன்று, செம்பியன் மாதேவியார் மேற்கொண்ட முறை. கண்டராதித்த சோழரின் தேவியாரான இவர், பத்தாம் நூற்றாண்டில் திருக்கோடிகா முதலிய ஊர்களில் கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தார். திருக்கோடிகாவில் பழங்கற்களில் இருந்த கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. ஈண்டுப் பழைய பொருள் போயிற்று. ஆனால் இடமும் வழிபாடும் அறக்கொடைகளின் சான்றும் நின்றன. திருவையாற்றுத் தூண்களில் பொருள் நின்று பொருத்தம் போயிற்று; திருக்கோடிகாவில் பொருள் போய்ப் பொருத்தம் நின்றது. எதனைக் காத்தல் பேணல் ஆகும் என்னும் வினா இவ்விரண்டிற்கும் இடையே எழுகின்றது.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவிற்காக 1768ஆம் ஆண்டளவில் எழுந்த சேப்பாக்கம் மாளிகை, நவாபு பட்டம் 1855இல் அற்றுப்போன பின்னர் அரசின் கைக்கு வந்தது. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம், வருவாய் வாரியத்தின் தேவைக்காகப் புதிய பகுதிகளை மாளிகையின் பாணியோடு இயையுமாறு சேர்த்தார். அரண்மனை அலுவலகமாயிற்று; எனினும் தோற்றத்தில் முரண் இல்லை. பின்னாளில் எழிலகம் முதலிய கட்டடங்கள் எழவே, கடற்கரைச் சாலையில் செல்வோர்க்கு அம்மாளிகை பெரிதும் மறைந்து போயிற்று. முகப்பு இடிக்கப்படாமலே இழக்கப்படலாம் என்பதற்கு இது சான்று. 2012 சனவரியில் கலச மகாலில் தீப்பற்றிப் பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின் பழைய முறையைத் தழுவி அஃது புதுக்கப்பெற்றுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. பயன்பாடு கிட்டியமையாலேயே புதுப்பணி நிறைவெய்தியது எனின் அது மிகையன்று.

இதற்கு மறுதலையாக நிற்பது அண்ணா சாலையிலுள்ள பாரத் காப்புறுதிக் கட்டடம். 1897இல் மருந்து வணிக நிறுவனமொன்றிற்காக எழுந்த இச்செந்நிறக் கட்டடம், கூம்பிய கோபுரங்களும் வளைவுகளும் கொண்டது. பின்னர்ப் பாரத் காப்புறுதி நிறுவனத்தின் உடைமையாகி, 1956இல் ஆயுள் காப்புறுதித் தொழில் நாட்டுடைமையானபோது வாழ்க்கைக் காப்புறுதிக் கழகத்தைச் சார்ந்தது. 2006இல் அதனை இடிக்கத் தொடங்கினர். பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையினர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர்; இடிப்பு நின்றது. 2010இல் வெளிவந்த தீர்ப்பு, நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலிலுள்ள கட்டடங்களுக்குக் காப்பளித்தது. அக்குழு முதற்கண் ஆராய்ந்தது விளம்பரப் பலகைகளைப் பற்றியே. எந்தெந்தக் கட்டடங்களின் தோற்றத்தைப் பலகைகள் மறைக்கின்றன என்று பார்க்கப் புகுந்ததன் பயனாகவே மரபுக் கட்டடங்களின் பட்டியல் உருவாயிற்று. பார்வைக்குரிய முகப்பே சட்டத்தின் கண்ணிற்கும் முதலிற் பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயின், முகப்பை மட்டும் நிறுத்தி உள்ளனைத்தையும் அகற்றிப் புதிது கட்டினால் என்ன என்று வினவலாம். உடைமையாளர்க்கு இடமும் வருவாயும் கிட்டும். தெருவில் செல்வோர்க்குப் பழைய தோற்றமும் கிட்டும். இவ்வாதத்தை எளிதில் தள்ளுதற்கில்லை. எனினும் இதன் செயல்முறை இடர்களை அறிதல் வேண்டும். பழஞ்சுவர் தானே நிற்பதன்று. உத்திரங்களும் தளமும் குறுக்குச் சுவர்களும் அதனைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றை நீக்கினால், எஃகுச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தாலன்றி அச்சுவர் காற்றுக்கும் அதிர்வுக்கும் ஆற்றாது. ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் தளத்தில், தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்கள் சுண்ணச் சாந்தில் செங்குத்தாக அடுக்கப்பெற்று, அவற்றின்மேல் சுண்ணாம்புச் செங்கற்சல்லி இடித்து இறுக்கப்படும். அதன் பாரமும் இயக்கமும் பழஞ்சுவருக்குப் பழகியவை. புதிய கற்காரைத் தளத்தின் பாரமும் இயக்கமும் வேறு.

பூச்சிலும் இத்தகைய முரண் உண்டு. சுண்ணச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசின், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். வெளித்தோற்றத்தைப் பொலிவுறச் செய்ய எண்ணிய பூச்சே சுவரைத் தின்னும். கடைப்பெயர்ப் பலகைகளுக்காகத் துளையிடுதல், குளிரூட்டும் கருவிகளைத் தொங்கவிடுதல், வாயிலை அகற்றத் தூண்களை வெட்டுதல் ஆகியன நாளடைவில் இடிப்பினும் மெல்லிய இடிப்பாகின்றன. எனவே முகப்பும் அகமும் ஒன்றையொன்று சார்ந்தவை. முகப்பைப் பேண விழைவோர் அதனைத் தாங்கும் அகத்தின் ஒரு பகுதியையேனும் பேணியாக வேண்டும் என்பது பெறப்படும்.

மீண்டும் தருமபுரியை நோக்குவோம். கோட்டைப் பகுதியிலுள்ள கோயில்களில் நுளம்பர் காலக் கலைக்கூறுகள் விளங்குகின்றன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. பின்னாளில் கவர்னரான தாமசு மன்றோ அக்காலத்தில் இந்நகரில் பணியாற்றினார். 1965இல் சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இங்ஙனம் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நகர் இது. கோயில்களைப் பேண அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் உள. கடைத்தெருவில் நிற்கும் பழைய வீட்டையும் சத்திரத்தையும் அலுவலகத்தையும் யார் நோக்குவது? தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பெற்றது. அதன் எல்லை சென்னையோடு நிற்பதன்று. ஆனால் பட்டியலில் ஏறாத கட்டடத்தைச் சட்டம் காவாது. அளந்து வரைந்து எழுதாத கட்டடம் பட்டியலில் ஏறாது.

இப்பணி பொறியாளர்க்கே உரியது என்று தமிழ் பயில்வோர் ஒதுங்குதல் தகாது. செம்பியன் மாதேவியார் பழங்கல்லை அகற்றுமுன் எழுத்தைப் படியெடுப்பித்தார். அம்முறையைப் பின்பற்றி, மாவட்டத் தலைநகர்தோறும் முதுகலை மாணாக்கர் பழங்கட்டடங்களின் முகப்பையும் அகத்தையும் அளந்து, அவற்றின் வாயிலிலும் தூணிலும் உள்ள எழுத்துகளைப் படித்து, கொத்தரும் தச்சரும் வழங்கும் சொற்களைத் தொகுத்து வைத்தல் வேண்டும். கட்டடம் நிற்பினும் வீழினும் அப்பதிவு பயன்தரும். பழுது பார்த்தற்கென ஓர் ஊரையே ஒப்படைத்த தகடூர் வணிகனின் பள்ளியை இன்று நாம் அறிவது, அவன் எழுதி வைத்தமையால் அன்றோ!