சிகாகோவின் மூன்று கோடைகள்

சிகாகோ என்றதும் நம்ம ஊரில் படித்தவர்களுக்கு ஒரே ஒரு படம்தான் கண்ணுக்குள் வருகிறது. தலைப்பாகை, மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள், கைதட்டல். பாடப் புத்தகம் தொடங்கி டீக்கடைக் காலண்டர் வரைக்கும் 1893 செப்டம்பர் 11 நமக்கு மனப்பாடம். அந்த நாளுக்குப் பதினேழு நாள் முன்னால், அதே ஊரில், அதே உலகக் கண்காட்சியில் இன்னொரு மனிதர் பேசினார். அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, தானே எழுதப் படிக்கக் கற்று, அமெரிக்காவையே உலுக்கிய கிழவர். பெயர் ஃபிரடெரிக் டக்ளஸ். அவர் பேசிய ஆகஸ்ட் 25 நமக்கு ஏன் தெரியாமல் போனது? விவேகானந்தருக்குக் கப்பல் ஏறப் பணம் திரட்டிய சென்னைக் கனவான்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. நமக்கு அதுதான் செய்தி.

ஒரு பெருநகரம் கோடைகாலத்தில் கலைக் கண்காட்சி வைக்கிறது என்றால் வெயிலுக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்துக் கொள்கிறோம். குளிர்தேசத்தில் கோடை என்பது ஜனங்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வருகிற காலம். தெருவுக்கு வந்தால் தெரு யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியும் கூடவே வந்துவிடும். சிகாகோவின் மூன்று கோடைகளை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

முதல் கோடை 1893. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்து நானூறு வருஷம் ஆனதைக் கொண்டாட (ஒரு வருஷம் தாமதமாக) மே 1 முதல் அக்டோபர் 30 வரை நடந்த உலகக் கண்காட்சி. இரண்டு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ராட்டினம் என்று நாம் திருவிழாவில் ஏறுகிற ஃபெர்ரிஸ் சக்கரம் முதன்முதலாகச் சுற்றியது அங்கேதான். பெரிய பெரிய மாளிகைகளைச் சுண்ணச்சாந்தில் கட்டி வெள்ளையடித்து, அதற்கு 'வெள்ளை நகரம்' என்று பெயரும் வைத்தார்கள். பெயர் பொருத்தம்தான். முதலில் அமைக்கப்பட்ட தேசிய ஆணையர் குழுவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். அதில் ஒரு கறுப்பர்கூட இல்லை. கறுப்பு மக்கள் தங்கள் கலையையும் உழைப்பையும் காட்ட ஒரு தனி இடம் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

கறுப்பர்களே அங்கு இல்லையா என்றால், இருந்தார்கள். கேளிக்கைப் பகுதியில் டஹோமி கிராமம் என்று ஒன்று போட்டு ஆப்பிரிக்க மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம் நான்ஸி கிரீன் என்கிற, அடிமையாகப் பிறந்த பெண், பெரிய மாவுப் பீப்பாய் வடிவத்தில் கட்டிய கடையில் நின்று 'ஆன்ட் ஜெமைமா' என்ற வேஷத்தில் பான்கேக் சுட்டுக் கொடுத்தார். சிரித்த முகத்துடன் சமைத்துப் போடும் கறுப்புப் பணிப்பெண் என்கிற அந்த உருவம் நூறு வருஷத்துக்கு மேல் மாவுப் பொட்டலத்தில் சிரித்துக்கொண்டே இருந்தது. 2021-இல்தான் அந்தப் பெயரையே மாற்றினார்கள். அதாவது, பார்க்கப்படுகிறவர்களாக இருக்கலாம். காட்டுகிறவர்களாக இருக்கக் கூடாது. கண்காட்சியின் விதி அதுதான். ஊர்த் திருவிழாவில் பறை அடிக்க நாம் வேண்டும், திருவிழாக் கமிட்டியில் நாம் கூடாது. வேறென்ன வித்தியாசம்?

இதற்குப் பதிலாக ஐடா பி. வெல்ஸ் என்கிற பெண் பத்திரிகையாளர் ஒரு வேலை செய்தார். கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துத் தூக்கில் தொங்கவிடும் கொலைகளைப் பற்றி எழுதியதற்காக மெம்பிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தையே நொறுக்கியிருந்தார்கள். அவர், டக்ளஸ், கார்லண்ட் பென், ஃபெர்டினாண்ட் பார்னெட் ஆகிய நால்வரும் சேர்ந்து, உலகக் கண்காட்சியில் கறுப்பு அமெரிக்கர் ஏன் இல்லை என்று காரணங்களை அடுக்கி ஒரு துண்டுநூல் போட்டார்கள். முன்னுரை ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருந்தது, வெளிநாட்டார் படிக்க வேண்டுமே! சொந்த நாட்டுக் கண்காட்சியில் டக்ளஸுக்கு உட்கார இடமில்லை. ஹெய்ட்டி நாடு தன் மண்டபத்துக்கு அவரைப் பிரதிநிதியாக வைத்தது. அடிமைகளே கலகம் செய்து விடுதலை வாங்கிய நாடு ஹெய்ட்டி. அந்த மண்டபத்தில் இருந்துதான் துண்டுநூல் விநியோகம் ஆனது.

வாயை அடைக்க ஆகஸ்ட் 25-ஐ 'நிறத்தவர் தினம்' என்று அறிவித்தார்கள். ஒருநாள் கூத்து. வெல்ஸ் போகவில்லை. டக்ளஸ் போனார். வெள்ளையர் சிலர் கேலிக்கூச்சல் போட்டார்கள். கிழவர் எழுதி வைத்திருந்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பேசினார். கறுப்பர் பிரச்சினை என்று ஒன்று கிடையாது, தங்கள் அரசியல் சட்டத்துக்கு உண்மையாக நடக்க அமெரிக்கர்களுக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை என்றார். மறுநாள் பத்திரிகையில் படித்த வெல்ஸ் நேரே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். புறக்கணிப்பதா, உள்ளே போய்ப் பேசுவதா என்கிற விவாதம் இன்றைக்கும் நம் கூட்டங்களில் நடக்கிறது. அந்த இருவரில் யார் சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. துண்டுநூலும் வேண்டியிருந்தது, பேச்சும் வேண்டியிருந்தது.

கண்காட்சி முடிகிற அந்த அக்டோபர் மாதத்தில்தான் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் அச்சடித்தார். ஹெய்ட்டி மண்டபத்துத் துண்டுநூலுக்கும் இந்த இதழுக்கும் யாரும் பாலம் போடவில்லை. இருந்தும் இரண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

இரண்டாவது கோடை 1940. இடையில் தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பு மக்கள் பஞ்சுக் காட்டையும் தூக்குக் கயிற்றையும் விட்டு வடக்கு நகரங்களுக்கு வந்திருந்தார்கள். சிகாகோவில் அவர்களைத் தென்பகுதியில் ஒரு பட்டைக்குள் அடைத்தார்கள். வீட்டுப் பத்திரத்திலேயே கறுப்பருக்கு விற்கக் கூடாது, குடிவைக்கக் கூடாது என்று எழுதினார்கள். அந்த நிபந்தனைகளை நீதிமன்றம் அமலாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான். ஊர் வேறு, சேரி வேறு. அங்கே முத்திரைத்தாளில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 1919 ஜூலை 27 காட்டியது. மிச்சிகன் ஏரியில் மிதந்தபடி வெள்ளையர் பகுதிக் கரைப்பக்கம் போய்விட்ட யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் கல்லடிக்கு ஆளாகித் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் பலி. 23 பேர் கறுப்பர்கள். கண்டதேவிகளும் ஊர்க் குளங்களும் நமக்கு மட்டுமே உள்ளவை என்று நினைக்க வேண்டாம்.

அந்த நகரத்தில் 1940 ஜூலை 4 முதல் செப்டம்பர் 2 வரை, அடிமைமுறை ஒழிந்த 75-ஆம் ஆண்டை வைத்து, கொலிசியம் அரங்கில் 'அமெரிக்க நீக்ரோ கண்காட்சி' நடந்தது. இப்போது காட்டுகிறவர்கள் கறுப்பர்களே. எகிப்திலிருந்து தொடங்கித் தங்கள் வரலாற்றைச் சின்னச் சின்ன மாதிரிக் காட்சிகளாகச் செய்து வைத்தார்கள். அலைன் லாக் என்ற அறிஞரும் அலான்சோ ஏடனும் சேர்ந்து நூற்றாண்டுக் கால ஓவியம், சிற்பங்களைத் திரட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே சிற்பத்துக்கு முதல் பரிசு வாங்கியவர் எலிசபெத் காட்லெட் என்கிற 25 வயதுப் பெண். அவருடைய பாட்டன் பாட்டிகள் அடிமைகள். ஒரு கலைக் கல்லூரி, கறுப்பர் என்பதற்காகவே அவருக்கு இடம் மறுத்திருந்தது. பரிசு பெற்ற சிற்பம் என்ன தெரியுமா? கறுப்புத் தாயும் குழந்தையும். மாவுப் பொட்டலத்து ஜெமைமா வெள்ளைக்காரன் பிள்ளையை வளர்த்தவள். காட்லெட்டின் தாய் தன் பிள்ளையைத் தானே அணைத்திருந்தாள். 47 வருஷம் கழித்து அதே நகரத்தில் கிடைத்த பதில் இது.

கூரைக்குக் கீழே நிரந்தரமாக ஓரிடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தென்பகுதி மக்கள் தெருமுனைகளில் உண்டியல் குலுக்கினார்கள். ஒரு மைல் நீளத்துக்குக் காசு அடுக்குவோம் என்று சொல்லிப் பத்து சென்ட் நாணயங்களாகச் சேர்த்தார்கள். அப்போது இளம்பெண்ணாக இருந்த மார்கரெட் பர்ரோஸ் அதில் முன்நின்றவர். அரசின் உதவியும் சேர்ந்து மிச்சிகன் அவென்யூவில் தென்பகுதிச் சமுதாயக் கலை மய்யம் உருவாயிற்று. 1941 மே மாதம் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்து அதைத் தொடங்கி வைத்தார். அதே கட்டடத்தில் இன்றும் இயங்குகிறது.

மூன்றாவது கோடை 1967. அந்த ஜூலையில் நெவார்க் எரிந்தது, டெட்ராய்ட் எரிந்தது. டெட்ராய்ட்டில் மட்டும் 43 பேர் செத்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று சிகாகோ நகர மய்யத்தில் மேயர் ரிச்சர்ட் டேலி ஒரு சிலையைத் திறந்து வைத்தார். பிக்காசோ வடிவமைத்தது, 50 அடி உயரம், 162 டன் எஃகு. கூலி வாங்க மாட்டேன் என்று பிக்காசோ நகரத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பெண்ணா, குரங்கா, பறவையா என்று ஜனங்கள் தலையைச் சொறிந்தார்கள். மேயர் கேட்டுக்கொண்டபடி அங்கே கவிதை வாசித்தவர் க்வெண்டலின் புரூக்ஸ். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பர், தென்பகுதிக்காரர்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 27 அன்று அதே புரூக்ஸ் தென்பகுதியில் 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கிற மூலையில் இன்னொரு கவிதை வாசித்தார். அங்கே மேயர் இல்லை. இடிக்கப்படப் போகிற ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது. ஒபாஸி என்கிற கறுப்புக் கலாச்சார அமைப்பின் ஓவியர்கள் அதில் படம் எழுதியிருந்தார்கள். அதுதான் 'மரியாதைச் சுவர்'. சுவரைக் காட்டியவர் வில்லியம் வாக்கர். எந்தப் பகுதியில் என்ன என்று சுவரையே வடிவமைத்தவர் சில்வியா அபர்நதி என்ற பெண். ஜெஃப் டொனால்ட்சன், வாட்ஸ்வொர்த் ஜாரெல், பார்பரா ஜோன்ஸ், எட்வர்ட் கிறிஸ்மஸ், மிர்னா வீவர், நார்மன் பாரிஷ் என்று பலர் ஏணி போட்டு ஏறினார்கள். புகைப்படக்காரர்களின் படங்களையும் சுவரில் பொருத்தினார்கள்.

வீட்டுக்காரனிடம் அனுமதி கேட்கவில்லை. அந்தத் தெருவில் வாழ்கிற ஜனங்களிடம் கேட்டார்கள். நம்ம வீரர்கள் யார் என்று பேசிப் பேசி முடிவு செய்தார்கள். மால்கம் எக்ஸ், முகமது அலி, நாட் டர்னர், டு பாய்ஸ், நினா சிமோன், கோல்ட்ரேன், புரூக்ஸ் என்று அய்ம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள். மார்ட்டின் லூதர் கிங்கை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், அந்தக் கோடையின் கோபம் அப்படி. ஓவியர் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஒப்பந்தம். வரைகிறபோதே தெருவில் பாட்டு, கவிதை, கூட்டம். பாட்டியும் பேரனும் கீழே நின்றுகொண்டு மூக்கு சரியில்லை, கண் சரியில்லை என்று சொல்ல, மேலே நிற்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அருங்காட்சியகத்தில் ஓவியருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காது.

அந்தச் சுவரில் இருந்த டு பாய்ஸ் நமக்கு அந்நியர் இல்லை. 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் அய்.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டத்தகாதாரும் அப்படிச் செய்ய யோசிக்கிறோம் என்று. டு பாய்ஸ் பதில் எழுதினார். பிறகு 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடம் இருந்து எடுத்துக்கொண்டதை எல்லோரும் அறிவோம்.

சுவரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் அது பொய். சில வாரங்களிலேயே நார்மன் பாரிஷ் வரைந்த தலைவர்கள் பகுதியை, அவரைக் கேட்காமலேயே வெள்ளையடித்து வேறு ஒருவரை வைத்து வரைந்தார்கள். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். ஜனங்கள் என்றால் யார், எத்தனை பேர், யார் எண்ணினார்கள்? தோழர்கள் பிரிந்தார்கள், அமைப்பின் ஓவியக் குழு உடைந்தது. வெள்ளைக்காரன் அழித்தால் போராட்டம் என்கிறோம், நம் தோழன் அழித்தால் என்ன பெயர் வைப்பது? நம் இயக்கங்களில் பேனரில் யார் படம் பெரிது, யார் படம் சிறிது என்று அடித்துக்கொள்வதை நினைத்தால் இந்தக் கதை நெஞ்சைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. உடைந்தவர்களில் சிலர் 1968-இல் சேர்ந்து உருவாக்கியதுதான் ஆஃப்ரிகோப்ரா ஓவியக் குழு. வேறு நகரங்களிலும் சுவர்கள் பேசத் தொடங்கின. டெட்ராய்ட்டில் 1968-இல் 'கண்ணியச் சுவர்' எழும்பியது.

1971-இல் கட்டடம் தீப்பிடித்தது, பிறகு இடித்தார்கள். மரியாதைச் சுவர் இன்று புகைப்படத்தில் மட்டும்தான். பிக்காசோவின் எஃகு அப்படியே நிற்கிறது. 2017-இல் அய்ம்பதாம் ஆண்டுக்கு நகரத்தின் கலாச்சார மய்யத்திலேயே அந்தச் சுவரைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள். சுவர் இருக்கும்போது கிடைக்காத மரியாதை சுவர் போன பிறகு கிடைத்தது.

நம்ம சேரி முகப்பில் உள்ளூர்ப் பெயிண்டர் நீலக் கோட்டு போட்டு எழுதிய அம்பேத்கர் படத்தை எந்த விமர்சகனும் கலை என்று எழுதியதில்லை. கண் கொஞ்சம் கோணலாக இருக்கும், கண்ணாடி கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆனால் இரவோடு இரவாகச் சாணி அடிக்கிறவனுக்கு அதன் பலம் நன்றாகத் தெரிகிறது. சிலைக்குக் கூண்டு போடுகிற அதிகாரிக்கும் தெரிகிறது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில், சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்ட மக்களில் பத்துப் பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒரு முகத்தைப் பொது இடத்தில் வைப்பதற்கு நாம் கொடுக்கிற விலை அது.

ஆகவே அடுத்த முறை அந்தச் சுவர் வெளுத்துப் போய்ப் புதுப்பிக்கிறபோது, வெள்ளையடிக்கும் முன்னால் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். எழுதிய பெயிண்டரின் பெயரையும் வருஷத்தையும் பின்னால் குறித்து வையுங்கள். அடுத்து யார் முகம் வேண்டும் என்று தெருவில் உள்ள பெண்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.