மேட்ச் விலை ஏறினப்போ நெல்லை ரேடியோவுக்கு என்ன ஆச்சு?

இந்த எபிசோட்ல ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கலாம். திருநெல்வேலில இன்னைக்கு எஃப்எம் போடுங்க. பாட்டு வரும், ஜவுளிக்கடை விளம்பரம் வரும், அல்வாக்கடை விளம்பரம் வரும். இந்தியா ஆடுற மேட்ச்சோட நேரடி வர்ணனை மட்டும் தனியார் எஃப்எம்ல வராது. ஏன்?

அமெரிக்காவுல சின்ன ஊர்கள்ல விளையாட்டுக்குன்னே தனி ரேடியோ ஸ்டேஷன்கள் இருக்கு. பெரிய நெட்வொர்க்குகள் கிட்டேருந்து நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்புவாங்க. அதுக்குக் காசு கொடுக்கணும், இல்லேன்னா தங்களோட விளம்பர நேரத்துல ஒரு பகுதியை நெட்வொர்க்குக்கு விட்டுக் கொடுக்கணும். அந்தக் கட்டணம் ஏற ஏற முதல்ல திணறுறது சின்ன ஊர் ஸ்டேஷன்தான். நம்ம ஊர்லயும் இதே பிரச்சினை உண்டு. ஆனா இங்க அது வேற வேஷத்துல வந்துச்சு. அந்தக் கதையைத்தான் தாமிரபரணிக் கரையில நின்னு பார்க்கப் போறோம்.

பாளையங்கோட்டையில் ஒரு டிரான்ஸ்மிட்டர்

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ல் தொடங்குச்சு. மத்திய அலைவரிசை, 1197 கிலோஹெர்ட்ஸ். பாபநாசத்துல வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவங்க, அம்பாசமுத்திரத்துல டீக்கடை வச்சிருக்கிறவங்க, ஸ்ரீவைகுண்டத்துல வாழைத்தோப்புல இருக்கிறவங்க, எல்லாருக்கும் ஒரே நிலையம்.

அந்தக் காலத்துல காசு எப்படி ஓடுச்சுங்கிறதுதான் முக்கியம். வீட்ல ரேடியோ வச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டணும். அதுக்கு ஒரு சின்னப் புத்தகம்கூட இருக்கும். 1980-களில்தான் அந்த முறை ஒழிஞ்சது. அதாவது, கேட்கிறவர் கொஞ்சம் கொடுத்தார், மீதியை அரசாங்கம் கொடுத்துச்சு. மேட்ச்சுக்குன்னு நெல்லை நிலையம் தனியா விலை பேச வேண்டிய அவசியமே இல்லை. டெல்லியிலேருந்தோ சென்னையிலேருந்தோ வர்ணனை வரும், இங்க அஞ்சல் செய்வாங்க. அவ்வளவுதான்.

அப்புறம் வர்ணனை தமிழுக்கே வந்துச்சு. சேப்பாக்கத்துல மேட்ச் நடந்தா ஆகாசவாணியில தமிழ்ல நேர்முக வர்ணனை. அதுல ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச ஒரு குரல் அப்துல் ஜப்பார். அவர் பேருக்கு முன்னாடி எப்பவும் அவர் ஊரும் சேர்ந்தே வரும்: சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். சாத்தான்குளம் இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் மாவட்டம் பிரியறதுக்கு முன்னாடி அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். இந்த மண்ணுல பிறந்த ஒருத்தர் ஆட்டத்தைத் தமிழ்ல சொல்ல, அதை இந்த ஊர்க்காரங்க காசு கொடுக்காம கேட்டாங்க. அவர் 2020 டிசம்பர்ல காலமானார்.

விலைச்சீட்டு ஒட்டின வருஷம்

1990-களோட தொடக்கம் வரைக்கும் மேட்ச்சை டிவில காட்டுறதுக்குக் கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு யோசிச்சா நம்பவே முடியாது. 1993-ல் அது தலைகீழா மாறுச்சு. அந்த வருஷம் ஹீரோ கோப்பையை ஒளிபரப்புற உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வித்துச்சு. அரசாங்கம் தடுத்துச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பு: வானலைகள் பொதுச்சொத்து, அரசோட ஏகபோகம் கிடையாது.

தனியார் எஃப்எம்க்குக் கதவு திறந்ததுல இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயத்துல, மேட்ச்சுங்கிறது விக்கக்கூடிய சரக்குங்கிறதும் உறுதியாச்சு. அதுக்கப்புறம் விலை ஏறின வேகத்தைப் பாருங்க. 2006-ல் நிம்பஸ் நிறுவனம் நாலு வருஷத்துக்கு 61.2 கோடி டாலர். 2018-ல் ஸ்டார் அஞ்சு வருஷத்துக்கு ₹6,138 கோடி. 2022 ஏலத்துல ஐபிஎல் மட்டும் அஞ்சு வருஷத்துக்கு ₹48,390 கோடி.

மதுரைக்குக் கிடைக்காதது நெல்லைக்குக் கிடைச்சது

இப்ப எஃப்எம் பக்கம் வருவோம். 1999-ல் மத்திய அரசு தனியார் எஃப்எம் கொள்கையை அறிவிச்சுச்சு. 40 நகரங்கள், 108 அலைவரிசைகள், ஏலம். கடைசில உண்மையிலேயே ஒலிச்சது 12 நகரங்கள்ல 21 நிலையங்கள் மட்டும்தான். தமிழ்நாட்டுல அந்தப் பட்டியல்ல இருந்த ஊர்கள் சென்னை, கோயம்புத்தூர், திருநெல்வேலி. மதுரை இல்லை, திருச்சி இல்லை. நெல்லையில வந்தது சூரியன் எஃப்எம்.

ஏன் இத்தனை நிலையங்கள் பிறக்கிறதுக்கு முன்னாடியே கரைஞ்சு போச்சு? ஏலத்துல கேட்ட தொகை எவ்வளவோ, அதை வருஷாவருஷம் லைசென்ஸ் கட்டணமா கட்டணும். போதாததுக்கு ஒவ்வொரு வருஷமும் அது 15 சதவீதம் ஏறும். நாம கோட் எழுதுற ஆளுங்க, கணக்குப் போட்டுப் பார்த்துருவோம். முதல் வருஷம் 100 ரூபாய்னு வைங்க. ஆறாவது வருஷம் 201. பத்தாவது வருஷம் 352. விளம்பர வருமானம் அதே வேகத்துல ஏறினாத்தான் தப்பிக்கலாம். சென்னையில அது சாத்தியமாகலாம். நெல்லையில விளம்பரம் கொடுக்கிற கடைகளோட எண்ணிக்கையே விரல் விட்டு எண்ணுற அளவுதான்.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா நிப்போம், ஏன்னா மொத்தக் கதையும் இதுலதான் இருக்கு. ஒரு கட்டணத்தை ரெண்டு விதமா வாங்கலாம். ஒண்ணு, நிலையான தொகை. இன்னொண்ணு, வருமானத்துல பங்கு. உதாரணத்துக்கு, சென்னை ஸ்டேஷன் வருஷத்துக்கு 10 கோடி சம்பாதிக்குது, நெல்லை ஸ்டேஷன் 1 கோடி சம்பாதிக்குதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேரும் 50 லட்சம் கட்டணும்னா, சென்னைக்கு அது 5 சதவீதம், நெல்லைக்கு 50 சதவீதம். அதையே ‘வருமானத்துல 4 சதவீதம்’னு மாத்தினா, ரெண்டு பேருக்கும் ஒரே பாரம். ஏலத்தொகை ஊருக்கு ஊர் வேற வேறயா இருந்தாலும், ஒருதடவை கேட்டுட்டா அது நிலையான தொகைதான். ஊர் வளரலைன்னாலும் அது வளரும்.

2005-ல் அரசு இதைப் புரிஞ்சுக்கிட்டு, இரண்டாம் கட்டக் கொள்கையில ஒருமுறை நுழைவுக் கட்டணம், அதுக்கப்புறம் மொத்த வருமானத்துல 4 சதவீதம்னு மாத்துச்சு. கீழ ஒரு குறைந்தபட்சத் தொகையையும் வச்சாங்க, அதை மறக்க வேண்டாம். ஆனாலும் பலன் உடனே தெரிஞ்சுது. ஹலோ எஃப்எம் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் வந்துச்சு. ஒரே ஒரு தனியார் ஸ்டேஷன் இருந்த ஊர்ல போட்டி வந்துச்சு.

பாட்டுக்கான ராயல்டியிலயும் இதே சண்டைதான். இசை நிறுவனங்கள் பாட்டு ஓடுற மணிக்கணக்குக்கு ஒரு ரேட் கேட்டாங்க. டாக்ஸி மீட்டர் மாதிரி. மேடையில பாடினாலும் நெல்லையில பாடினாலும் பாட்டோட நீளம் ஒண்ணுதானே! எஃப்எம் நிறுவனங்கள் வருமானத்துல பங்குன்னு கேட்டாங்க. 2010 ஆகஸ்ட்ல காப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்துல 2 சதவீதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. சின்ன ஊர் ஸ்டேஷன்களுக்கு அந்த உத்தரவு ஒரு பெரிய மூச்சு.

விளையாட்டு மட்டும் வெளியே

அப்போ லைசென்ஸ் கட்டணம் பங்கு முறைக்கு வந்தாச்சு, பாட்டு பங்கு முறைக்கு வந்தாச்சு. விளையாட்டு?

2007 ஜனவரில ஒரு கலாட்டா நடந்துச்சு. வெஸ்ட் இண்டீஸ் தொடர். உரிமை நிம்பஸ் கையில. தூர்தர்ஷனோட தகராறு, நேரடியா காட்ட முடியலை. டெல்லி உயர் நீதிமன்றத்துல, ஏழு நிமிஷம் தாமதிச்சுக் காட்டலாம்னு ஒரு இடைக்கால ஏற்பாடு. பந்து போட்டு ஏழு நிமிஷம் கழிச்சுப் பார்க்கிறதுக்கு யாருங்க உட்கார்ந்திருப்பா? அரசு உடனே அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதைச் சட்டமாவே ஆக்குச்சு. தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டின்னா, உரிமை வச்சிருக்கிறவர் அந்த சிக்னலைப் பிரசார் பாரதியோட பகிரணும். விளம்பர வருமானத்தை எப்படிப் பிரிக்கிறது? டிவிக்கு 75:25. ரேடியோவுக்கு 50:50.

கவனிச்சீங்களா? இங்கயும் பங்கு முறைதான். அதுவும் ரேடியோவுக்கு டிவியைவிட நல்ல பங்கு. ஆனா ரெண்டு ஓட்டை. முதல் ஓட்டை, இது பிரசார் பாரதிக்கு மட்டும், அதாவது ஆகாசவாணிக்கு மட்டும். ரெண்டாவது, பட்டியல்ல இருக்கிற போட்டிகளுக்கு மட்டும். மக்கள் அதிகமா பார்க்கிற ஐபிஎல் அந்தப் பட்டியல்ல இல்லை.

தனியார் எஃப்எம்க்கு 2011-ல் மூணாம் கட்டக் கொள்கை வந்துச்சு. விளையாட்டுத் தகவல் சொல்லலாம், நேரடி ஒலிபரப்பு கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு: உள்ளூர் தன்மை கொண்ட போட்டின்னா நேரடி வர்ணனை செய்யலாம். அதனால நெல்லை எஃப்எம்ல ஆர்ஜே ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஸ்கோர் சொல்வார், அதோட சரி.

ஆகாசவாணிக்கும் சுலபமா இல்லை. 2019 செப்டம்பர்ல கிரிக்கெட் வாரியத்தோட ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டுத்தான் உள்நாட்டுல நடக்கிற சர்வதேச மேட்ச்களுக்கும் ரஞ்சி மாதிரியான போட்டிகளுக்கும் வர்ணனை கொடுத்துச்சு. தேசிய அளவுல வர்ற வர்ணனை பெரும்பாலும் இந்தி, ஆங்கிலம். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2017 மே மாசம், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்தாச்சு. முன்ன இலவசமா ரேடியோல வந்த தமிழ் வர்ணனை இப்போ கட்டணச் சேனல்ல வருது. தமிழ் அழியலை, இடம் மாறிடுச்சு. டீக்கடை ரேடியோவிலேருந்து மாசச் சந்தாவுக்கு.

சின்ன ஊர் ரேடியோவுக்கு விலை ஏற்றம் என்ன செய்யும்னா, ஸ்டேஷனை மூடிடும்னு நாம நினைக்கிறோம். நெல்லையில அப்படி நடக்கலை. ஸ்டேஷன்கள் இருக்கு, நல்லா பாட்டு போடுறாங்க. மேட்ச் மட்டும்தான் போச்சு. மேட்ச்சோட சேர்ந்து, நம்ம பேச்சுல ஆட்டத்தைச் சொல்ற ஒரு தொழிலும் இங்கேருந்து போயிடுச்சு. இன்னொரு அப்துல் ஜப்பார் வரணும்னா அவர் எங்க பழகுவார், சொல்லுங்க?

அந்த ஒரு வரி விதிவிலக்கு

என் பதில் அந்த 2011 கொள்கையோட ஒத்தை வரியில இருக்கு: உள்ளூர் போட்டிக்கு நேரடி வர்ணனை செய்யலாம்.

நெல்லைச் சீமையில உள்ளூர் விளையாட்டுக்கா பஞ்சம்? மணத்தி கிராமத்துலேருந்து போய் இந்திய அணியில கபடி ஆடி அர்ஜுனா விருது வாங்கினவர் மணத்தி கணேசன். ‘பைசன்’ படம் பார்த்தவங்களுக்கு அந்த வாழ்க்கை ஓரளவு தெரியும். கோவில்பட்டி பக்கம் போனா ஹாக்கி. அங்க லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு அகில இந்திய அணிகள் வந்து ஆடுது. கோயில் கொடை சமயத்துல ஊருக்கு ஊர் ராத்திரிக் கபடி நடக்குது. அங்க மைக் பிடிச்சு “ரெய்டு போறது யாருன்னு பாருங்க”ன்னு கூட்டத்தை எழுப்புற அண்ணாச்சிக்குத் தெரியாத வர்ணனையா?

இதுக்கு ₹48,390 கோடி தேவையில்லை. ஒரு மைக், ஒரு போன், விஷயம் தெரிஞ்ச ரெண்டு ஆள், போட்டி நடத்துற கமிட்டியோட சம்மதம். விளம்பரம் கொடுக்க அதே ஊர் உரக்கடையும் மளிகைக்கடையும் தயாரா இருக்கும். விலை ஏற முடியாத மேட்ச் இதுதான், ஏன்னா மும்பையில யாரும் இதை ஏலம் கேட்க மாட்டாங்க.

அது மட்டும் போதாதுங்கிறதையும் சொல்லணும். இந்தியா ஆடுற மேட்ச்சைத் தமிழ்ல காசில்லாம கேட்கிற உரிமையை ஒரு கபடிப் போட்டி ஈடு கட்டாது. அதுக்கு 50:50 மாதிரியான பங்கு முறையைச் சின்ன ஊர் எஃப்எம் வரைக்கும் கொண்டு வரணும். 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை 234 புது ஊர்களுக்குத் தனியார் எஃப்எம் கொடுக்க ஒப்புதல் தந்தப்போ, கட்டணத்தை மொத்த வருமானத்துல 4 சதவீதம்னுதான் வச்சாங்க. லைசென்ஸுக்குப் புரிஞ்ச அந்தக் கணக்கு விளையாட்டுக்கும் புரிஞ்சா நல்லாயிருக்கும்.

உங்க ஊர்ல ரேடியோல கேட்ட கடைசி நேரடி மேட்ச் எது, வர்ணனை எந்த மொழியில இருந்துச்சு? வீட்ல பெரியவங்க கிட்டயும் கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.