ஈட்டித் தடியின் பெயர்கள்

திருவிதாங்கூர் அரசில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜகீய விருட்சங்கள். எவருடைய நிலத்தில் முளைத்தாலும் அவை அரசருக்கே சொந்தம். இன்றைய குமரி மாவட்டத்துத் தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் மலையடிவாரத்தில் புரையிடம் (வீட்டுத் தோட்டம்) வைத்திருந்தவர் தம் மாவையும் பலாவையும் விருப்பம்போல் வெட்டலாம். வேலியோரத்து ஈட்டியில் கோடரி வைத்தால் குற்றம். ஆகவே அந்நாளில் ஒரு தடியைப் பற்றி முதலில் எழுந்த கேள்வி அது அரசருடைய மரமா இல்லையா என்பதுதான். என்ன இனம் என்பது அதற்குள் அடங்கிய கிளைக்கேள்வி.

அதற்கான விடை தடியின் மேலேயே பதிந்தது. வெட்டுமுகத்தில் வனத்துறைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் சுத்தியலின் முகத்தில் புடைத்திருக்கும் எழுத்தோ குறியோ மரத்தில் பள்ளமாக விழும். மை அழியும், சீட்டு கிழியும். முத்திரையை எடுக்க அந்த முனையையே அறுத்துத் தள்ள வேண்டும். தமிழ்நாட்டு மரப் போக்குவரத்து விதிகள் 1968இல் வந்தபோதும் உரிமைக்குறிச் சுத்தியலும் வழிச்சீட்டும் தொடர்ந்தன. ஆனால் முத்திரை சொன்னது உடைமையை மட்டுமே. இனத்தின் பெயரைத் தாளில் எழுதியவர் குமாஸ்தா, எழுதச் சொன்னவர் காவலர்.

பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலையைத் திருவிதாங்கூரில் பெரிய அளவில் செய்தவர் வனக் காப்பாளர் டி. எஃப். போர்டிலன். 1908இல் வெளிவந்த ‘திருவிதாங்கூர் வனமரங்கள்’ என்ற அவரது ஆங்கில நூல் தாவரவியல் பெயரோடு தமிழ், மலையாளப் பெயர்களையும் சேர்த்துத் தந்தது. அது தேவையாகவே இருந்தது. ஈட்டி, தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் தோதகத்தி. திருவிதாங்கூரின் ஆங்கிலக் கணக்குகளில் பிளாக்வுட். தாவரவியலில் டால்பெர்ஜியா லாடிஃபோலியா. கருங்காலியின் குழப்பம் இன்னும் பெரிது. தமிழில் அந்தப் பெயர் எபனி மரத்துக்கும் உண்டு, வேல இனத்து மரம் ஒன்றுக்கும் உண்டு. மலையாளத்தில் கரிங்ஙாலி என்றால் இரண்டாவதுதான். இரண்டு மொழியும் புழங்கும் குமரி மாவட்டத்தில் பெயரை மட்டும் நம்பி மரம் வாங்குவது வம்பு.

1956 நவம்பர் 1 அன்று குமரி இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வீரப்புலி, கிளாமலை, அசம்புக் காடுகளும் உடன் வந்தன. மன்னர் போனாலும் ஈட்டியின் தனி மதிப்பு போகவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ரோஸ்வுட் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து ஈட்டியை வெட்டவும் அனுமதி கேட்கச் சொன்னது.

கடல் கடந்ததும் ஈட்டிக்கு வேறு பெயர்கள் வந்தன. பம்பாயில் செதுக்கிய நாற்காலிகளால் ‘பம்பாய் பிளாக்வுட்’. பிரேசில் மரத்திலிருந்து பிரித்துச் சொல்ல ‘கிழக்கிந்திய ரோஸ்வுட்’. கிதார்த் தொழில் பற்றிக்கொண்டது இந்த இரண்டாவது பெயரை. 1960களில் பிரேசில் தன் ரோஸ்வுட்டை உருட்டுத் தடியாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் கிதார்களின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் இந்திய மரத்துக்கு மாறியது. பிரேசில் மரத்துக்கு இருந்த மவுசு மட்டும் குறையவில்லை. அதனால் ரோஸ்வுட் என்ற சொல் கண்ட மரத்திலெல்லாம் ஒட்டத் தொடங்கியது. டால்பெர்ஜியா பேரினத்தையே சேராத பாவ் ஃபெர்ரோ ‘பொலிவிய ரோஸ்வுட்’ ஆனது. புபிங்கா ‘ஆப்பிரிக்க ரோஸ்வுட்’ ஆனது. அட்டையில் வெறுமனே ரோஸ்வுட் என்று போட்டிருந்தால் அது கெட்டி மரமா, ஒட்டுப்பலகை மேல் ஒட்டிய மெல்லிய வெனீர் தாளா என்பதும் தெரியாது.

இந்தத் தாராளத்துக்குச் சட்டம்தான் கடிவாளம் போட்டது. அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டு, இறக்குமதி மரத்தின் பேரினம், சிற்றினம், வெட்டிய நாடு மூன்றையும் எழுதிக் கேட்டது. 2011இல் கிப்சன் கிதார் தொழிற்சாலைகளில் இந்திய ஈட்டி, கருங்காலி விரற்பலகைகளை அதிகாரிகள் கைப்பற்றினர். வழக்கு நின்றது மரத்தின் இனத்தில் அல்ல, சுங்கத் தாளில் எந்த வகைத் தலைப்பில் எழுதினார்கள் என்பதில். ஒரே பலகை இந்தியத் தாளில் இசைக்கருவிப் பாகம், அமெரிக்கத் தாளில் வெனீர், அதிகாரிகள் கணிப்பில் அறுத்த மரம். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் அப்போது தடை இருந்தது. 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டில் இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. நிறுவனம் கட்டிய தொகை, தனியாக எழுந்த மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்துக்கானது.

அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டஸ் உடன்படிக்கை 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பிரேசில் இனம் மட்டும் 1992 முதலே அதைவிடக் கடுமையான முதல் பட்டியலில் இருந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. தடிக்கும் பலகைக்கும் இல்லை. அனுமதிச் சீட்டில் அறிவியல் பெயர்தான் செல்லும். அதுவும் போதாது: ஜாவாவில் வளர்த்து ‘சோனோகெலிங்’ என்று விற்பதும் நம் ஈட்டியின் இனமே.

பெயரைச் சரிபார்ப்பது எளிதல்ல. புதிதாக அறுத்த ஈட்டியில் ஊதாக் கலந்த பழுப்பில் கருவரிகள் ஓடும். வைரத்தைச் சுற்றி வெள்ளை தனியாகத் தெரியும். வளையங்களைத் தொட்டபடி சீவிய முகத்தைக் கைலென்ஸில் பார்த்தால் நுண்ணிய அலைவரிகள் குறுக்கே அடுக்கடுக்காக நிற்கும். இவ்வளவும் சேர்ந்து டால்பெர்ஜியா என்ற அளவில் பெரும்பாலும் உறுதி சொல்லலாம். அதற்குள் எந்தச் சிற்றினம் என்பதில் லென்ஸ் தடுமாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் டால்பெர்ஜியா சிஸ்ஸாய்டிஸை சிலர் தனி இனமாகவும் சிலர் லாடிஃபோலியாவின் வகையாகவும் கொள்கிறார்கள். காட்டில் அதற்கும் பெயர் ஈட்டிதான். வழக்கு என்று வந்தால் மரச்சீவலின் வேதிச்சுவட்டை நிறை நிறமாலைக் கருவியில் படிக்கிறார்கள்.