ராத்திரி 2 மணின்னா, யாரோட 2 மணி?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வரியோட வரலாறு: 0 2 * * *

அஞ்சு இடம். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை. நட்சத்திரம்னா 'எதுவா இருந்தாலும் சரி'. அதாவது, தினமும் 2 மணிக்கு ஓடு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எங்க நைட்லி பில்டுக்கு இந்த வரியை எழுதினது நான்தான். எங்க டெஸ்டர் அக்கா காலையில 7 மணிக்கே வேலையை ஆரம்பிச்சிடுவாங்க. நாங்க சரிபண்ணின பக் எல்லாம் 'இன்னும் அப்படியே இருக்கு'ன்னு திரும்பி வரும். "நீங்க பழைய பில்டைப் பாக்குறீங்கக்கா"ன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவங்க பார்த்தது பழைய பில்டுதான். ஆனா தப்பு அவங்க மேல இல்ல.

1979க்குப் போவோம். பெல் லேப்ஸோட யுனிக்ஸ் 7ஆம் பதிப்புல 'க்ரான்'னு ஒரு சின்ன புரோகிராம் இருந்தது. க்ரானுக்கு வேலை ரொம்ப எளிமை. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திரு, பட்டியலைப் பார், இந்த நிமிஷத்துக்கு வேலை இருந்தா ஓட்டு, மறுபடி தூங்கு. மெஷின் முழுக்க ஒரே பட்டியல்தான்.

1987ல பால் விக்ஸி, ஒவ்வொரு யூசருக்கும் தனிப் பட்டியல் வச்சுக்கிற ஒரு க்ரானை எழுதி இலவசமா வெளியிட்டார். அது லினக்ஸ் வழியா எல்லா இடத்துக்கும் போச்சு.

அப்புறம் ஜென்கின்ஸ் மாதிரி பில்ட் கருவிகள் வந்தப்போ, அதே அஞ்சு இடத்தையே எடுத்துக்கிட்டாங்க. அங்க ஒரு புதுப் பிரச்சினை. எல்லாரும் நடுராத்திரி 12னு எழுதினா, எல்லா பில்டும் ஒரே நொடியில முட்டிக்கும். அதுக்காக ஜென்கின்ஸ்ல 'ஹெச்'னு ஒரு எழுத்தைச் சேர்த்தாங்க. நேரத்தை அதுவே பிரிச்சுக் கொடுக்கும்.

ஆனா அந்த வரியில சேராத விஷயம் ஒண்ணு இருக்கு: எந்த ஊர் நேரம்? 1979ல அந்தக் கேள்விக்கே அவசியம் இல்ல. மெஷினும் ஆளும் ஒரே கட்டடத்துல. இன்னைக்கு பில்ட் ஓடுற சர்வர் எந்த நாட்டுல இருக்குன்னே நமக்குத் தெரியாது. அதனால பல கருவிகள் யூ.டி.சி. நேரத்தையே எடுத்துக்கும். அந்த 2 மணி, நமக்குக் காலை 7:30. அக்கா டெஸ்டிங் ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் என் 'நைட்லி' பில்ட் ஓடவே ஆரம்பிச்சிருக்கு! லாக்ல '02:00' பக்கத்துலயே யூ.டி.சி.ன்னு போட்டிருந்தது. நான்தான் கவனிக்கல.

சரியான வரி: 30 20 * * *

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. நம்ம திங்கள் ராத்திரி 2 மணிங்கறது யூ.டி.சி.ல ஞாயிறு 20:30. அதனால திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் மட்டும் ஓடணும்னா, கடைசி இடத்துல 1-5 இல்ல, 0-4.

மறுநாள் அதே மீட்டிங்ல, அதே ஆளுங்க முன்னாடி அக்காகிட்ட மன்னிப்பு கேட்டேன். "சரி விடுப்பா, அந்த வரிக்கு மேல எந்த ஊர் நேரம்னு ஒரு கமெண்ட் போட்டு வை"ன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் போடுறேன்.

உங்க பைப்லைனையும் ஒருவாட்டி திறந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!