அடுக்களைப் புகை

புனே நகரிலுள்ள மார்பு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சந்தீப் சால்வியும் லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸும் 2009-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளில் 25 முதல் 45 விழுக்காட்டினர் ஒருநாளும் புகைபிடியாதவர்கள் என்றும், விறகு, வறட்டி முதலியவற்றின் புகையே உலகளவில் இந்நோய்க்குத் தலையாய காரணமாக இருக்கக்கூடும் என்றும் அக்கட்டுரை கூறிற்று.

நேயர்களே, இவ்வையம் முதன்முதலாக அன்று எழுந்ததன்று. பர்மாவிற் பிறந்து, 1942-இல் போருக்கு அஞ்சிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி, 1953-இல் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணி ஏற்றார். நுரையீரல் நலிந்து, அதனால் இதயத்தின் வலப்புறமும் தளர்ந்த 127 நோயாளிகளைப் பற்றிய அவரது ஆராய்ச்சி 1959-இல் வெளிவந்தது. 1976-இல் மற்றோர் ஆராய்ச்சி. ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆண்களிற் பெரும்பாலார் புகைபிடிப்பவர். பெண்களிலோ மிகச் சிலரே. அப்பெண்களை வருத்தியது எது? அவர் அடுப்பைச் சுட்டினார்.

பீடி உண்டா என்று கேட்ட மருத்துவ உலகம், வீட்டில் எரிப்பது என்ன என்று கேட்க ஏனோ தயங்கிற்று. சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையைக் குஜராத் கிராமங்களிற் கருவிகொண்டு அளந்த கிர்க் ஸ்மித் குழுவினரின் முடிவுகள் 1983-இல்தான் வெளியாயின.

புனேயிலிருந்து அக்கட்டுரை வந்தபோது பத்மாவதி அம்மையாருக்கு வயது 92. தில்லியில் அப்போதும் நோயாளிகளைப் பார்த்துவந்தார்.