மரத்துக்கு ஒரு வம்சாவளி

ரப்பர் மரங்களுக்குப் பெயர் உண்டு என்பது, அவற்றின் நிழலிலேயே ஆயுளைக் கழித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று ஞாபகமில்லாத விஷயம். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இலங்கையிலும் ஒரு காலத்தில் மலைச்சரிவுகளை நிறைத்து நின்ற ‘பி.பி. 86’ என்னும் இனத்தின் முதலெழுத்துகள் இரண்டும் பிராங் பெசார் என்ற தோட்டத்தைக் குறிப்பவை. அந்தத் தோட்டமோ, மலேசியாவின் சிலாங்கூரில் லங்காட் ஆற்றையொட்டிய டெங்கிலுக்கு அருகே, இன்று புத்ராஜெயா என்னும் நிர்வாகத் தலைநகரம் எழும்பி நிற்கும் அதே மண்ணில் இருந்தது.

1921-இல், முதல் உலக யுத்தத்தில் ஈடுபட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் காட்டை அழித்து அதைத் திறந்தார்கள்; மகாயுத்தம் என்று பொருள்படும் மலாய்ப் பெயரை இட்டதும் அந்த நினைவில்தான். ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த சமயம் அது; மறு வருஷமே உற்பத்திக்குக் கட்டுப்பாடும் வந்தது. காஜாங் வட்டாரத்தில் நின்ற ஏறத்தாழ 10 இலட்சம் மரங்களிலிருந்து, பால் மிகுதியாகச் சொரியும் 618 மரங்களை மேஜர் கஃப் என்பவர் பொறுக்கியெடுத்தார். ஜாவாவில் டச்சுக்காரர்கள் வகுத்த முறைப்படி, தாய்மரத்தின் மொட்டொன்றைப் பட்டையோடு பெயர்த்து, இளங்கன்றின் பட்டைக்குள் செருகிக் கட்டி, அது ஒட்டியபின் கன்றின் தலையைத் தறித்துவிட்டால், வேர் யாருடையதாக இருந்தாலும் மேலே வளர்வது தாய்மரத்தின் மறுபிறவியே. ஒவ்வொரு மரத்தின் பாலும் அளக்கப்பட்டது, கணக்கில் ஏறியது, சந்ததி எண்ணிடப்பட்டது. சிருஷ்டி என்று சொல்லத்தக்க காரியம்தான். மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பாலை அளந்த கைகளைப் பற்றி அதே சிரத்தையுடன் எழுதிவைத்தவர் யார்? விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, மரத்தின் உயிர்ப்பகுதியில் உளி பட்டுவிடாமல் காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவி, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கும் அந்த வித்தை ஓர் ஆயுட்கால அப்பியாசம். செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் அதற்குக் கிடைத்த இடம் ஒரு பெயரும் ஒரு நாட்கூலியும். மரத்தை மேஜர் தேர்ந்தெடுத்தார். மனிதனைக் கங்காணி தேர்ந்தெடுத்தான். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை நடந்தது அதுவே. மனிதன் தானாகத் தேர்ந்தது என்னவென்று கேட்டால், லயத்துக்குப் பின்னே வெட்டிய பாத்தியையும் முனீஸ்வரருக்கு நட்ட சூலத்தையும் தவிர அதிகம் சொல்வதற்கில்லை.

1995-இல் புத்ராஜெயாவின் நிர்மாணம் தொடங்கியது, மரங்கள் சாய்ந்தன. பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களின் ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்குப் பெயர்ந்தன. அவர்கள் கேட்டது தரைவீடு. கிடைத்தது அடுக்குமாடி, அதுவும் சில வருஷங்களிலேயே சுவர் வெடித்த அடுக்குமாடி. நாற்பது வயதில் உளியைக் கீழே வைத்தவன் காவல்காரனாகவோ தோட்டக்காரனாகவோ, தான் பால் வெட்டிய மண்ணிலேயே வேறு உடுப்பில் வேலைக்குப் போனான். இதை முன்னேற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் அது மெய்யாகவும் இருக்கலாம். பெற்றோர் விஷயத்தில், யாரையும் கேளாமல் தலையைத் தறித்து ஒட்டிய மொட்டு என்பதே என் அபிப்பிராயம்.

பி.பி. இனங்கள் இன்றும் மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டங்களில் பால் சொரிகின்றன. அவற்றின் வம்சாவளியை எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் புரட்டிப் பார்க்கலாம். டெங்கிலில் அந்த மரங்களைச் சீவியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய், அவர்கள் பக்கத்தில் சற்று நேரம் உட்கார வேண்டும்.