பாடுச் சீட்டும் ஆடிட் ரிப்போர்ட்டும்

என் பெரியப்பா ஊர் காட்டுப்பள்ளிப் பக்கம். எண்ணூர் தாண்டி பழவேற்காடு போற வழி. இப்ப அங்க பெரிய துறைமுகமே இருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது ஏரியில இருக்குற பாடு முறையைப் பத்தி. மீனும் இறாலும் நல்லா விழுற இடங்கள் கொஞ்சம்தான். அதனால உரிமை உள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, முறை வெச்சுப் பிரிச்சுக்கிறாங்க. “சீட்டுல தில்லுமுல்லு பண்ண முடியாதா?”ன்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். “எல்லாரும் சுத்தி நிக்கும்போது எப்படிமா?”ன்னு சிரிச்சாரு.

இப்ப ஓ.எம்.ஆருக்கு வாங்க. ஒரு அமெரிக்கக் கம்பெனியோட சம்பளக் கணக்கு இங்க ஏதோ ஒரு மாடியில ஓடுது. சரியா ஓடுதான்னு சுத்தி நின்னு பார்க்க யாரு இருக்காங்க? ஒவ்வொரு கிளையண்ட்டோட ஆடிட்டரும் தனித்தனியா வந்து இறங்கினா வேலையே நடக்காது. இதுக்காக 1992-ல் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு எஸ்.ஏ.எஸ். 70 என்ற தரநிலையை வெளியிட்டது. சேவை நிறுவனத்தின் உள் கட்டுப்பாடுகளை ஒரே ஆடிட்டர் பார்த்து அறிக்கை கொடுப்பார். கிளையண்ட்டுகளின் ஆடிட்டர்கள் எல்லாரும் அதையே பயன்படுத்திக்கலாம். டைப் 1 என்றால், குறிப்பிட்ட ஒரு தேதியில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்பது மட்டும். டைப் 2 என்றால், ஒரு காலகட்டம் முழுக்க அவை உண்மையிலேயே வேலை செஞ்சதான்னு சாம்பிள் எடுத்துப் பார்ப்பாங்க.

என்ரான் விழுந்த பிறகு, 2002-ல் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்தது. நிதி அறிக்கைக்கான உள் கட்டுப்பாட்டுக்கு நிர்வாகமே பொறுப்பு. வேலையை வெளியில கொடுத்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. சென்னையில் டைடல் பார்க் திறந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கிளையண்ட்டுகள் இங்கேயும் ரிப்போர்ட் கேட்க ஆரம்பிச்சாங்க. நம்ம கம்பெனிகளோ “எஸ்.ஏ.எஸ். 70 சர்டிஃபைடு”ன்னு விளம்பரம் பண்ணிக்கிட்டாங்க. அப்படி ஒரு சர்டிஃபிகேட்டே கிடையாது! அது ஒரு ஆடிட்டரின் கருத்து. எதைப் பார்த்தார், எந்தத் தேதி வரைக்கும் பார்த்தார் என்பதோடு அது முடிஞ்சிடும்.

2009 ஜனவரி 7. ஹைதராபாத்தில் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானது. கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. சில மாசம் முன்னாடிதான் நல்ல நிர்வாகத்துக்குன்னு அந்தக் கம்பெனிக்கு கோல்டன் பீக்காக் விருது கொடுத்திருந்தாங்க. ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்: இது நிறுவனத்தின் சொந்தக் கணக்குத் தணிக்கை, கிளையண்ட் வேலைக்கான ரிப்போர்ட் இல்லை. ஆனாலும் 2011-ல் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. வங்கி இருப்பை உறுதிப்படுத்தும் கடிதங்களை அனுப்புறது, பதில் வாங்குறது ரெண்டையும் ஆடிட்டர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுட்டாங்களாம். சீட்டுப் பானையை ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் குலுக்கிட்டு வந்த மாதிரி.

அதே 2011-ல் எஸ்.ஏ.எஸ். 70-க்குப் பதிலாக எஸ்.எஸ்.ஏ.இ. 16, உலக அளவில் ஐ.எஸ்.ஏ.இ. 3402. இப்ப நீங்க கேள்விப்படுற சாக் 1 இந்த வழியில வந்ததுதான். முக்கிய மாற்றம்: கட்டுப்பாடுகள் சரியா இருக்குன்னு நிர்வாகமும் எழுத்துல சொல்லணும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஆடிட்டர் 25 சாம்பிள் கேட்டாங்க. வேலையை விட்டுப் போனவங்களோட லாகின் நேரத்துக்கு மூடப்பட்டதா? ஒருத்தரோடது 2 மாசமா திறந்தே கிடந்தது. “பழைய தேதி போட்டு ஒரு டிக்கெட் ஏத்திடு”ன்னாரு மேனேஜர். பெரியப்பா ஞாபகம் வந்துச்சு. இருந்ததை அப்படியே அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் அவர் என்கிட்ட பேசல.

ரிப்போர்ட்டுல அது விதிவிலக்குன்னு ஒரு வரியா வந்தது. கிளையண்ட் யாரும் ஓடிப்போகல. அவங்க ஆடிட்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அந்த லாகின்ல அதுக்கப்புறம் யாராவது உள்ளே போனாங்களா? லாக் எடுத்துப் பார்த்தோம். போகல. அதையும் எழுதி அனுப்பினோம்.